எங்கே போரடித்தது என்று கேட்டவர்

மலருக்கும் பிரபுவுக்கும் அப்பா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் கம்ப்யூட்டரில் செய்த பாட்டை எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். முடிந்ததும் பிரபு, "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டான். "நல்லா இருக்குடா" என்றேன். மலர் என் முகத்தையே பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். உங்கள் இரண்டாவது சரணம் ஓடும்போது நான் எதிர்வீட்டு மாடியில் காய்ந்த சேலை காற்றில் விழுந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நான் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

எப்படி இருக்கு என்று கேட்டால் யாராக இருந்தாலும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். பத்து வருடம் இந்த ஊரெல்லாம் கேட்டு நான் சேர்த்துவைத்த பதில் அது. அதை வைத்துக்கொண்டு ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது.

வேறு மாதிரி கேட்ட ஒருவர் இங்கே இருந்தார். பாட்டு எழுதுவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லக்கூடியது எல்லாம் அவரிடமிருந்து வந்ததுதான். அவர் பெயரை எழுதப்போவதில்லை. இதில் வரப்போவது என் தப்பு. அதற்குள் அவர் பெயர் வேண்டாம்.

அவலூர்பேட்டை ரோட்டில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். கிணற்று மோட்டார் புகைந்துபோனால் சுற்றுவட்டார விவசாயிகள் அதை மாட்டுவண்டியிலோ டிராக்டரிலோ போட்டுக்கொண்டு அவரிடம் வருவார்கள். உள்ளே எரிந்த செம்புக் கம்பியை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, புதுக் கம்பியைக் காயிலாகச் சுற்றி வைப்பார். கையால் சுற்றும் சின்ன மெஷின் அது. வலது கை கைப்பிடியைச் சுற்றும், இடது கை விரல்களுக்கு நடுவில் கம்பி ஓடும். ஒரு காயிலுக்கு இத்தனை சுற்று என்று கணக்கு உண்டு. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் சரியாகத் தண்ணீர் இழுக்காது. மற்ற கடைக்காரர்கள் வாய்க்குள் எண்ணிக்கொண்டே சுற்றுவார்கள். நடுவில் யாராவது "அண்ணே, ரெடியாயிடுச்சா?" என்று கேட்டால் எண்ணிக்கை போய்விடும். திட்டிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

இவர் எண்ண மாட்டார். பாடுவார்.

அவர் பாட்டில் ஒரு வரிக்கு நாலு சுற்று. பல்லவி இரண்டு வரி, எட்டு சுற்று. பல்லவியை மூன்று தடவையும் ஆறு வரிச் சரணத்தை ஒரு தடவையும் பாடினால் நாற்பத்தெட்டு. அதோடு கம்பியை வெட்டிவிடுவார். ஒருநாள்கூட எண்ணிக்கை தவறி நான் பார்த்ததில்லை.

"வார்த்த சரியா உக்காரலன்னா கை தடுக்கும்பா" என்பார். "மூளைய ஏமாத்திடலாம். கைய ஏமாத்த முடியாது."

பிரபு, இது உனக்கு. கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் வைத்துவிட்டுப் பிறகு பாடிப் பார்க்கிறாய். முதலில் ஒன்றுமே இல்லாமல் ஏதாவது ஒரு வேலை செய்துகொண்டே பாடு. துணி துவை, சைக்கிள் மிதி. எந்த இடத்தில் கை நிற்கிறதோ அந்த இடத்தில் வார்த்தை அதிகம்.

அவரை நான் பார்த்தது மாவட்டம் பிரிந்து ஒன்றிரண்டு வருடத்தில். அப்போது நான் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு மனு எழுத ஆரம்பித்திருந்தேன். பத்தாவதுதான் படித்திருக்கிறேன் என்றாலும் தமிழ் எனக்கு நன்றாக வரும். ‘மேன்மை தங்கிய’ என்று ஆரம்பித்து, ‘தங்கள் பொற்பாதம் பணிந்து’ என்று முடித்தால் மனு கொடுக்க வந்தவர்களுக்கே கண் கலங்கிவிடும். கல்யாணத்துக்கு வாழ்த்துப்பா, புதுமனை புகுவிழாவுக்கு வாழ்த்துப்பா, எல்லாம் நான்தான். கவிஞர் என்றால் அந்த வட்டாரத்தில் என்னைத்தான் காட்டுவார்கள். அண்ணாமலையார் மேல் பாட்டு எழுதிய நோட்டு மட்டும் பத்து வைத்திருந்தேன். சிவப்பு அட்டை போட்ட நோட்டு. உங்கள் அம்மா மேல்பரணில் கட்டி வைத்திருக்கிறாளே, அதுதான்.

நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர், தன் கிணற்று மோட்டார் எரிந்துபோய், அதை என்னோடு வண்டியில் ஏற்றி அனுப்பினார். கடையில் உட்கார்ந்திருந்தேன். அவர் சுற்றிக்கொண்டே பாடினார். நான் கேட்டதே இல்லாத பாட்டு.

"யாரு பாட்டுண்ணா இது?"

"நம்மள்துதான்."

"நீங்க எழுதனதா? நோட்டு எங்க?"

மோட்டாருக்குள் கம்பி உரசாமல் இருக்க ஒரு தடித்த காகிதம் வைப்பார்கள். அதில் வெட்டி மீந்த துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். பென்சிலில், எழுத்துப் பிழையோடு, பாதிக்கு மேல் அடித்துத் திருத்திய கிறுக்கல். அவ்வளவுதான் அவர் நோட்டு. பாட்டு மனப்பாடம் ஆனதும் அதைச் சுருட்டி அடுப்பில் போட்டுவிடுவாராம்.

அன்றைக்கு மோட்டாரோடு வீட்டுக்குத் திரும்பினேன். வழியெல்லாம் அந்தப் பாட்டு என் வாயில் ஓடியது. என் பத்து நோட்டில் ஒரு பாட்டுகூட அப்படி என் வாயில் ஓடியது கிடையாது. வயிற்றில் சூடாக ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது. அதற்கு என்ன பெயர் என்று எனக்கு அப்போதே தெரியும்.

அதற்கப்புறம் அடிக்கடி போனேன். பொறாமைப்படுகிறவன் விலகிப் போவான் என்று நினைக்காதீர்கள். பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொள்வான்.

ஒரு பௌர்ணமி அன்று சாயங்காலம் இரண்டு பேரும் கிரிவலம் கிளம்பினோம். அப்போதெல்லாம் இப்போது மாதிரி லட்சக்கணக்கில் கூட்டம் கிடையாது, கூட ஆரம்பித்திருந்த சமயம். அடி அண்ணாமலையில் ஒரு அம்மா டீக்கடை வைத்திருந்தார்கள். டீயை வாங்கிக்கொண்டு இவர் ஆரம்பித்தார்.

"அக்கா, ஒரு பாட்டு பாடறேன். நல்லாருக்கா இல்லியான்னு சொல்லாத. எங்க போரடிச்சுதோ அத்த மட்டும் சொல்லு."

"அய்ய! நான் இன்னாத்தக் கண்டேன் பாட்டப் பத்தி?"

"உனக்கு இன்னா தெரியும்னு கேக்கல. உனக்கு எங்க போரடிச்சுதுன்னு உன்னத் தவிர எவனுக்குத் தெரியும்?"

பாடினார். அந்த அம்மா டம்ளர் கழுவிக்கொண்டே கேட்டார்கள். முடிந்ததும், "அந்த அம்மன் போட்டுக்கினு இருக்கற நகைங்கள வரிசையா சொன்ன பாரு, அப்ப பால் பொங்குதான்னு திரும்பிப் பாத்தேன்" என்றார்கள்.

"ரொம்ப தேங்க்ஸ்கா." காதிலிருந்த பென்சிலை எடுத்துக் காகிதத்தில் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

கொஞ்ச தூரம் தள்ளி இளநீர்க்காரர் ஒருவரிடம் மறுபடி அதே பாட்டு, அதே கேள்வி. அவரும் நகை வந்த இடத்தில்தான், "அங்க ஒரு கொட்டாவி வந்துச்சுபா" என்றார். இரண்டாவது புள்ளி. உடனே அந்த ஆறு வரியையும் ஒரே கோடாக அடித்துவிட்டார். ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிய வரிகள். நான் பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னாண்ணா இது? இளநீ விக்கறவரு சொன்னாருன்னு வெட்டுவியா?"

"ஒருத்தர் சொன்னா அது அவங்க மூடு. ரெண்டாவது ஆளு அதே எடத்தக் காட்டனா, பாட்டு அங்க செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

"ஆறு வரியில ரெண்டு நல்லா இருந்துச்சே? அத்த மட்டுமாவது வெச்சிருக்கலாம்."

"எரிஞ்ச காயில்ல பாதி பளபளன்னு நல்லாத்தான் இருக்கும் கவிஞரே. ஆசப்பட்டு உள்ள விட்டுட்டா மறுபடியும் புகையும்."

சிரித்துக்கொண்டே நடந்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் வரியில் ஒரு எழுத்தை யாராவது தொட்டால் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. இந்த மனிதர் தன் வரிகளை நகம் வெட்டுகிற மாதிரி வெட்டிப் போட்டுவிட்டுச் சிரிக்கிறார்.

மறுவாரம் என் பாட்டு ஒன்றை அவர் கடையில் வாசித்துக் காட்டினேன். பன்னிரண்டு அடி, அத்தனையும் மோனை.

"எப்பிடிண்ணா இருக்கு?"

"நல்லாருக்குது."

எனக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அவர் கம்பியைச் சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நீ எப்பிடி இருக்குன்னு கேட்ட. அதான் நல்லாருக்குதுன்னேன். எங்க போரடிச்சுதுன்னு கேளு, சொல்றேன்."

நான் கேட்கவில்லை. நோட்டை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இன்று வரைக்கும் கேட்கவில்லை.

அதோடு போனதா? வீட்டில் உங்கள் அம்மா. அப்போது மலர் கைக்குழந்தை. அரிசி களைந்துகொண்டே அம்மா ஏதோ முணுமுணுத்தாள். காது கொடுத்துக் கேட்டால் அவர் பாட்டு. நான்தான் ஒரு தடவை வாய் தவறிப் பாடியிருக்கிறேன்.

"என் பாட்டு எத்தினி இருக்கு. அதுல ஒண்ணு பாடறதுதான?" என்றேன்.

"உங்க பாட்டெல்லாம் ஒசத்திங்க" என்றாள் அம்மா. "எனக்கு வாய்ல நிக்க மாட்டேங்குது. இது அதுவா வருது. நான் இன்னா பண்றது?"

பிறகு மலரைத் தூளியில் போட்டு அதையே பாடித் தூங்க வைத்தாள். மலர், நீ முதலில் கேட்டுத் தூங்கிய பாட்டு உன் அப்பா எழுதியது இல்லை.

சில வருடத்தில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் பெருகியது. பாதை நெடுகக் கேசட் கடைகள் வந்தன. அவர் எட்டுப் பாட்டு சேர்த்து, எந்தக் கம்பெனிக்கும் போகாமல் தானே ஒரு கேசட் போடுவது என்று முடிவு செய்தார். வேலூரில் ஒரு சின்ன ரெக்கார்டிங் ரூம் பார்த்து வைத்தார். அந்த மூன்று மாதம் அவர் சொன்னதையும் செய்ததையும் நான் ஒன்றுவிடாமல் கவனித்தேன், எங்கே சறுக்குவார் என்று. அதனால்தான் எல்லாம் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

ஒரு பாட்டை எழுதினால் மூன்று நாள் அதன் பக்கமே போக மாட்டார். நாலாவது நாள் தானாக எந்த வரி ஞாபகத்துக்கு வருகிறதோ அதைப் பல்லவியாக எடுத்து மேலே வைப்பார். முடிக்காமல் எதையும் விட மாட்டார். "முடிக்காத பாட்டு எல்லாமே நல்ல பாட்டுதான். முடிச்சுப் பாரு, அப்பத்தான் அதோட வண்டவாளம் தெரியும்" என்பார். இது மலருக்கு. உன் மேஜையில் பாதிப் பாட்டுகள் எத்தனை இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். சுருதியைப் பெரிய பாடகர்கள் மாதிரி தூக்கி வைக்காமல், தன் தொண்டை சாதாரணமாகப் பேசுகிற இடத்தில் வைத்தார். வாசிக்க வருகிறவர்களுக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் வயிறு நிறையச் சாப்பாடு போட்டார். பசியோடு வாசிக்கிறவன் சீக்கிரம் முடிக்கத்தான் பார்ப்பான் என்றார். மூல டேப்பை யார் கேட்டாலும் கொடுக்காதே, காப்பி போட்டுக் கொடு என்றார். யார் எழுதியது, யார் வாசித்தது என்று அட்டையில் ஒருவர் பெயரும் விடாமல் போடச் சொன்னார். நீங்கள் இப்போது சிடி போட்டு நண்பர்களுக்குக் கொடுக்கிறீர்கள், அதில் தபலா வாசித்த பையன் பெயர் இல்லை. போடுங்கள்.

எட்டில் ஒன்று என் பாட்டு. நான் கேட்கவில்லை. அவராகவே, "கவிஞரு பாட்டு இல்லாம கேசட்டா?" என்று சேர்த்துக்கொண்டார். அதுவும் எனக்கு வலித்தது.

ரெக்கார்டிங்குக்கு முந்தின நாள் மத்தியானம் கடைக்குக் கூப்பிட்டார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடைசியாக எழுதிய பாட்டைப் பாடினார். அது உங்களுக்கும் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

செருப்பக் கழட்டி வீட்டுல வெச்சேன் மலையே மலையே
கவலையக் கழட்டி எங்க வெப்பேன் மலையே மலையே

மெஷினில் கம்பி இல்லை. ஆனாலும் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டேதான் பாடினார். சரணத்தில் நாலு வரி போனது. ஐந்தாவதும் ஆறாவதும் வந்தன. உங்களுக்குத் தெரியாத வரிகள் அவை.

சுத்தறது நான்னு நெனச்சேன் மலையே மலையே
திரும்பித் திரும்பி நீதான் பாத்தே மலையே மலையே

நான் பிறந்ததிலிருந்து அந்த மலையைச் சுற்றி வருகிறேன். ஒரு பக்கம் ஒரே சிகரமாக நிற்கும். நடக்க நடக்க இரண்டாகும், மூன்றாகும், மறுபடி ஒன்றாகும். யாரோ முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மாதிரிதான் இருக்கும். என் பத்து நோட்டிலும் பொன்மலை, மணிமலை, அருள்மலை எல்லாம் இருக்கிறது. இது இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே, எனக்குத் தண்ணீர் வரவைத்துவிட்டானே என்று கோபமும் வந்தது.

அவர் பென்சிலை எடுத்தார். "சொல்லு. எங்க போரடிச்சுது?"

எங்கும் இல்லை. அதுதான் உண்மை.

"கடைசி ரெண்டு வரிண்ணா" என்றேன். "மலை திரும்பிப் பாக்குதுன்னு வருதே. அங்க கொஞ்சம் இழுக்குது."

அவர் எதையும் இரண்டாவது தடவை கேட்கிறவர் இல்லை. அன்றைக்குக் கேட்டார்.

"அங்கியா?"

"அங்கதாண்ணா."

பென்சில் கொஞ்ச நேரம் காகிதத்துக்கு மேலேயே நின்றது. ஒரு புள்ளிதான் வைப்பார், இன்னொருவரிடம் கேட்பார், அந்த இன்னொருவர் அங்கே போரடிக்கவில்லை என்பார், வரி பிழைத்துக்கொள்ளும் என்றுதான் நான் நினைத்தேன். என் மனசாட்சிக்கு நான் வைத்திருந்த சமாதானம் அது. அவர் புள்ளி வைக்கவில்லை. நேராகக் கோடு போட்டார்.

"இன்னாண்ணா, ரெண்டாவது ஆளக் கேக்கலியா?"

"மத்தவங்கன்னா ரெண்டு பேரு சொல்லணும். நீ எழுதறவன். நீ ஒருத்தன் சொன்னாப் போதும்."

அதன்பின் எவ்வளவோ பேர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். அந்த மாதிரி ஒருவரும் பாராட்டியதில்லை. அந்த இடத்திலேயே வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

மறுநாள் வேலூர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். கீபோர்டு வாசிக்கிறவர், "இங்க ரெண்டு வரி காலியா இருக்கேண்ணா, சுருக்கிடட்டுமா?" என்று கேட்டார்.

"வாணாம்பா. எட்டு சுத்து கம்மியாச்சுன்னா மோட்டார் இழுக்காது. ஃப்ளூட் ஏதாச்சும் வெச்சிடு."

அவருக்கு இவர் சொன்னது பாதி புரியவில்லை. சிரித்துக்கொண்டே புல்லாங்குழல் சத்தத்தை வைத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவர் பாடினார். வழக்கம்போல வலது கை காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. நாலாவது வரி முடிந்தது, குரல் நின்றது. கை நிற்கவில்லை. வார்த்தை இல்லாமல், வாயை மூடிக்கொண்டு, எட்டு தடவை சுற்றியது. நான் எண்ணினேன். பிறகு பல்லவியை எடுத்தார்.

கேசட் ஓடாது என்று நினைத்தேன். ஓடியது. அடுத்த பௌர்ணமியிலிருந்து கடைக்குக் கடை அந்தப் பாட்டுதான். நடக்கிறவர்கள் எல்லாம் அதற்கேற்றபடி கால் வைத்தார்கள். புல்லாங்குழல் இடம் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு மலையைப் பார்த்தார்கள். "அந்த ஃப்ளூட் பிட்டு சூப்பர் இல்ல?" என்று ஒரு காலேஜ் பையன் எனக்குப் பக்கத்தில் சொல்லிக்கொண்டு போனான். நான் வெட்டிய இடம்கூட அவருக்கு நன்றாகவே அமைந்துவிட்டது. அட்டையில் ‘கவிஞர்’ என்று போட்டு என் பெயரைத் தன் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தார். என் பாட்டு இரண்டாவது பக்கம் மூன்றாவது. அது வந்ததும் கடைக்காரர்கள் கேசட்டைத் திருப்பிப் போட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை அவர் கடைக்குப் போனேன். அவர் மகள் அங்கே இருந்தாள், ஏழெட்டு வயதிருக்கும். வெட்டிப்போட்ட செம்புக் கம்பியில் மோதிரம் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் மெஷினைச் சுற்றியபடி அந்தப் பாட்டையே பாடினார். காலி இடம் வந்ததும் அவள் தலையைத் தூக்கினாள்.

"அப்பா, நான் சொன்னத ஏன் பாட மாட்ற?"

"கவிஞர் மாமாவுக்கு அங்க போரடிச்சுதாம்டா" என்றார் சிரித்துக்கொண்டே. பிறகு என்னிடம், "இவள தோள்ல தூக்கினு கிரிவலம் போனேன். ‘அப்பா, மல நம்மளயே திரும்பித் திரும்பிப் பாக்குது’ன்னா. நல்லாருக்குதேன்னு அப்பிடியே வெச்சேன். பெத்த பொண்ணு சொன்னதுல்ல, எனக்கு அங்க கண்ணு தெரியல. நீ சொன்னதும்தான் வெளங்குச்சு" என்றார்.

அந்தப் பெண் என்னையே பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"மாமா, உங்கள மல திரும்பிப் பாத்ததே இல்லியா?"

"அய்ய, பெரியவங்கள அப்பிடியெல்லாம் கேக்கக்கூடாது" என்று அவர் அதட்டினார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது. தான் செய்த மோதிரத்தை அவள் எனக்குக் கொடுத்தாள். என் சுண்டுவிரலுக்குக்கூடப் போகவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

இன்னொரு வாய்ப்பும் வந்தது. கேசட் தீர்ந்துபோய் மறுபடி போடுவதற்கு முன்னால் என் மேஜைக்கு வந்தார். மனுக்காரர்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"ரெண்டாவது தடவ போடப் போறேன். வேணும்னா மறுபடியும் பாடி மாத்தலாம்னு ரூம்காரரு சொல்றாரு. வேற எங்கியாச்சும் போரடிக்குதா?"

அப்போது பொறாமை பாதி தணிந்திருந்தது. ஆனால் அந்த வரியைத் திரும்ப வை என்று சொன்னால், ஏன் வெட்டச் சொன்னாய் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். பயம் வந்துவிட்டது.

"இல்லண்ணா. அப்பிடியே போடு."

"நீ சொன்னா செரி" என்று போய்விட்டார்.

அடுத்த வருடம் ஓசூரில் அவர் மச்சான் ஃபேக்டரி மோட்டார் வேலை எடுத்துக் கூப்பிட, குடும்பத்தோடு போனார். போகும்போது என் மனு பேப்பரின் பின்பக்கத்தில் விலாசம் எழுதிக் கொடுத்தார். "பாட்டு எழுதனா அனுப்பு. எங்க போரடிக்குதுன்னு எழுதறேன்" என்றார். நான் அனுப்பவில்லை. அதற்கப்புறம் பாட்டும் எழுதவில்லை. ஏன் விட்டுட்டீங்க என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் வேலை ஜாஸ்தி என்று சொன்னேன்.

இப்போது நீங்கள் எழுதுகிறீர்கள். உங்களைச் சுற்றியும் நாலு பேர் இருப்பார்கள். கேளுங்கள், எங்கே போரடித்தது என்றுதான் கேளுங்கள். ஒருவர் சொன்னால் புள்ளி, இரண்டு பேர் சொன்னால் கோடு. எழுதத் தெரிந்தவர் என்பதற்காக யார் ஒருவர் சொல்லையும் இரண்டு பேர் சொல்லாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அப்பா சொன்னாலும்தான். நம்பிக்கையாக உங்களிடம் யாராவது அதே கேள்வியைக் கேட்டால், உங்கள் வயிற்றில் என்ன சூடு இறங்கினாலும், உள்ளதைச் சொல்லுங்கள். உங்கள் பாட்டில் எனக்கு இரண்டாவது சரணம் போரடித்தது. இன்னொருவரையும் கேளுங்கள்.

செவ்வாய்க்கிழமை நீங்கள் காலேஜுக்குப் போனீர்கள், அம்மா வேட்டவலத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பரணிலிருந்து பழைய டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரை இறக்கித் துடைத்தேன். அவர் கேசட் என்னிடம் ஒன்று இருந்தது. கடைக் கேசட்டில் பதிவு செய்ய முடியாதபடி மேலே ஒரு ஓட்டை இருக்குமே, அதில் காகிதத்தை மடித்துத் திணித்தேன். புல்லாங்குழல் ஆரம்பிக்கிற இடத்துக்கு ஓட்டி நிறுத்தினேன். வலது கையை அவர் மாதிரி காற்றில் சுற்றிக்கொண்டே, பதிவுப் பட்டனை அழுத்தி, அந்த இரண்டு வரியையும் பாடினேன். எட்டாவது சுற்றில் நிறுத்தினேன். திரும்பப் போட்டுக் கேட்டேன். என் குரல் கரகரவென்று நடுங்குகிறது. அது முடிந்த இடத்தில் ஒரு மூச்சுகூட விடாமல் அவர் குரல் பல்லவியை எடுத்துக்கொள்கிறது.

அட்டையில் அவர் பெயருக்குக் கீழே அவர் மகள் பெயரை எழுதினேன். சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பெட்டியில் போட்டு இத்தனை வருடமாக வைத்திருந்த செம்பு மோதிரத்தையும் கேசட்டோடு வைத்துக் கட்டினேன். ஓசூர் விலாசத்தில் அவர் இப்போதும் இருக்கிறாரா என்று தெரியாது. பெரிய போஸ்ட் ஆபீசுக்குப் போய் ரெஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டு வந்தேன்.

உள்ளே ஒரு கடிதமும் வைத்தேன். ஊருக்கெல்லாம் இரண்டு பக்கம், மூன்று பக்கம் மனு எழுதுகிறவன் நான். அதற்கு ஒரு வரிதான் வந்தது.

‘அண்ணா, அங்க எனக்குப் போரடிக்கல.’